இரவல் மண்

தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூரையும் இராஜகீழ்ப்பாக்கத்தையும் தாண்டி மாடம்பாக்கம் செல்லும் வழியில், புதிய வீடுகளின் வரிசைக்கு நடுவே பல் விழுந்த இடம்போல வெறுமையாகக் கிடந்த ஒரு காலி மனையை, எங்கள் தெருவைச் சேர்ந்த எட்டுக் குடும்பத்தார் கூடிப் பேசி, காய்கறித் தோட்டம் போடுவதற்கென்று வாடகைக்கு எடுத்துச் சில ஆண்டுகள் பராமரித்து வந்தோம். ஒரு கிரவுண்டு மனை. 2,400 சதுர அடி. சொந்தக்காரர் வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர். குப்பை சேராமலும் வேறெவரும் வேலி போட்டுக்கொள்ளாமலும் மனை பத்திரமாக இருந்தால் போதும் என்ற எண்ணத்தில் சொற்ப வாடகைக்கு இசைந்தார். முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தின் காலம் 11 மாதம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதித்திருப்பதால், நம் தேசத்தில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் 11 மாதத்தோடு நின்றுவிடுகின்றன. நிரந்தரமான கட்டுமானம் எழுப்பலாகாது, நெடுநாள் நிற்கும் மரம் நடலாகாது, கேட்டபோது மனையைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளும் அதில் இருந்தன.

அந்த மனையில் முதல் நாள் கடப்பாரையை ஊன்றியபோது மண்ணின் ஓசை எழவில்லை. கல்லின் ஓசையே எழுந்தது. சுற்றிலும் வீடு கட்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன செங்கல் உடைசலும், இறுகிப் பாறையாகிவிட்ட சிமெண்டுக் கலவையும், அவற்றின் கீழே இந்தப் பக்கத்துக்கே உரிய சரளை கலந்த செம்மண்ணுமாகக் கிடந்த அந்த இடத்தை எட்டாக வகுத்து, வரப்புக் கட்டி, பாத்தி எடுத்து, தக்கைப்பூண்டு விதைத்து, அது பூக்கும் தறுவாயில் மண்ணோடு மடித்துவிட்டு, தெருவெல்லாம் பெருக்கிய சருகையும் அடுக்களைக் கழிவையும் மாட்டெருவையும் மாதக்கணக்கில் கொண்டுவந்து கொட்டிய பிறகுதான், மண்வெட்டியின் வாயில் முதல் மண்புழு தென்பட்டது. அதற்குள் ஒப்பந்தத்தின் பத்து மாதங்கள் கழிந்துவிட்டன. எதிர்ப்புறத்து அடுக்ககத்தில் காவல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், நாங்கள் எருக்கூடை இறக்குவதைப் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் சாலையைக் கடந்து வந்து கேட்டார்: "இன்னும் ஒரு மாசத்துல அக்ரிமெண்ட் முடியுதுன்றீங்க. யாரோ ஒருத்தர் மனைக்கு எதுக்கு சார் இம்மாம் எரு கொட்றீங்க?"

அந்தக் கேள்வி அன்று முதல் என்னோடு வந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கிய அது, நாளாக ஆக, மனித வாழ்க்கையையே பற்றிய கேள்வியாக விரிந்துவிட்டது. நமக்குச் சொந்தமல்லாததை, நம்மிடம் நிலைக்கப்போவதில்லை என்று திட்டமாகத் தெரிந்த ஒன்றை, நாம் ஏன் முழு சிரத்தையோடு பேண வேண்டும்? பேணத்தான் முடியுமா? சொந்தம் என்ற உணர்ச்சியை நீக்கிவிட்டால் அன்பின் வேர் அறுந்துபோகாதா?

வேர் அறுந்துபோகும் என்று சொன்னவர்கள் சாமானியர்கள் அல்லர். ஆர்தர் யங் என்ற ஆங்கில விவசாய ஆராய்ச்சியாளர், 1787 முதல் பிரான்ஸ் தேசத்துக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய யாத்திரை நூலில், நிலத்தைச் செழிக்கச் செய்யும் மந்திரசக்தி சொந்தப் பாத்தியதைக்கே உண்டு என்றும், குறுகிய காலக் குத்தகை நல்ல நிலத்தையும் பாழாக்கும் என்றும் தீர்மானமாக வாதித்தார். அனுபவம் அவர் பக்கம் சாட்சி சொல்லாமலும் இல்லை. அரைக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். வெண்டைக்கு ஒன்றரை மாதம். கத்தரிக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். இவை வாடகைக்காரனின் பயிர்கள். மண்ணோ அப்படிப்பட்டதன்று, சருகு மக்கி, மக்கினது மண்ணோடு கலந்து, மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவன்களும் குடியேறி, கைப்பிடி மண் பிசைந்த மாவுபோல் நெகிழ்வதற்கு ஆண்டுகள் பல ஆகும். தென்னையை நட்டவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை நட்டவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் கிராமத்துப் பழமொழி கூறும். 11 மாதக்காரன் எதை நடுவான்? போட்டதை விரைவில் எடுக்கவும், எடுப்பதைவிட ஒரு பிடி குறைவாகப் போடவும் மனம் பழகிவிடுவது இயல்பே.

ஆனால், சொந்தம் என்ற அந்தச் சொல்லை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, அது நான் நினைத்த அளவு உறுதியானதாகத் தோன்றவில்லை. இங்கே மனை வாங்குகிறவர்கள் 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, அதற்குள் தகராறு ஏதுமில்லை என்றால், நிலம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைகிறார்கள். இந்த இடத்திலிருந்து நாலைந்து மைல் தொலைவில், பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில், 1863 மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் என்ற புவியியல் அறிஞர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கரம் செதுக்கிய கோடரி அது என்று உணர்ந்தார். இந்திய நிலத்தில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அது முதல் சாட்சியமாயிற்று. எங்கள் தோட்டத்துச் சரளையைக் கூடையில் அள்ளும்போதெல்லாம் அந்தக் கோடரியை என் மனம் நினைத்துக்கொள்ளும். அதைச் செதுக்கியவனும் இந்தச் செம்மண்ணில் கால் ஊன்றி நின்றவன்தான். இந்தக் குன்றுகளுக்கு இடையே மழையைப் பார்த்தவன்தான். ஏதோ ஒரு நிழலைத் தன் நிழல் என்று எண்ணியவன்தான். அவனுடைய பாத்தியதை எந்தச் சான்றில் ஏறியிருக்கிறது? விஷ்ணு புராணத்தின் நான்காம் அம்சத்தின் முடிவில், என்னுடையது என்னுடையது என்று சொல்லிப் போரிட்டு மடிந்த அரசர்களைக் கண்டு பூமாதேவி நகைப்பதாக ஒரு பகுதி வருகிறது. வில்லங்கச் சான்றின் 30 ஆண்டுகளைக் காணும்போது அவள் நகை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இந்த உண்மையை மதங்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டன. கண்டுகொண்டதோடு, அதற்கென்று தனிச் சொற்களையும் உண்டாக்கின. நம் கோயில்களில் நிலத்துக்கு உரிமையாளர் மூலவர். சட்டமும் அவரைச் சொத்துடைய ஒரு நபராகவே, அதுவும் மைனராகவே கருதுகிறது. சொத்தை நிர்வகிக்கும் மனிதன் தர்மகர்த்தா. பள்ளிவாசலுக்கு வக்ஃபாக எழுதி வைக்கப்பட்ட நிலத்தின் உரிமை இறைவனைச் சார்ந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் முத்தவல்லி. தமிழ் விவிலியத்தில் எஜமானின் உடைமையைக் காத்துக் கணக்கு ஒப்புவிக்கும் ஊழியனுக்கு உக்கிராணக்காரன் என்று பெயர். அந்த விவிலியத்தின் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில், நிலம் என்றைக்குமாக விற்கப்படலாகாது என்றும், அது ஆண்டவருடையது என்றும், குடியிருப்போர் அவரிடம் வந்து தங்கியிருக்கும் பரதேசிகளே என்றும் விதிக்கப்பட்டு, ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வும், ஐம்பதாம் ஆண்டில் விற்ற காணி விற்றவனிடமே திரும்புதலும் கட்டளையாக வைக்கப்பட்டிருக்கின்றன. காந்தியடிகள் செல்வர்களை நோக்கிச் சொன்ன கொள்கைக்கும் தமிழில் தர்மகர்த்தா முறை என்றே பெயர் அமைந்தது. தர்மகர்த்தா, முத்தவல்லி, உக்கிராணக்காரன் என்ற இந்த மூன்று பதங்களும் ஒரே மனிதனைத்தான் குறிக்கின்றன: தனதல்லாததைத் தனதினும் மேலாகக் காக்கக் கடமைப்பட்டவனை.

இவர்களில் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுகிறவன் நந்தவனம் காக்கும் ஊழியன். எங்கள் தோட்டத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாட விமானத்தோடு, சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் நிற்கிறது. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் என்றொரு வழக்கு உண்டு. கோயில் பூந்தோட்டத்தின் பராமரிப்புக்கும் அதில் வேலை செய்வோரின் ஜீவனத்துக்கும் ஒதுக்கிய நிலம் அது. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் அமைத்ததையே தம் வாழ்நாள் கைங்கரியமாகக் கொண்டார்கள். திருநாவுக்கரசர் கையில் ஏந்தியது களை செதுக்கும் உழவாரப்படை. நந்தவன ஊழியனுக்கு நிலம் சொந்தமில்லை, செடி சொந்தமில்லை, பூவும் சொந்தமில்லை. சந்நிதிக்குப் போகும் பூவை முகர்ந்து பார்க்கவும் அவனுக்கு அனுமதி கிடையாது. ஆயினும் விடியலுக்கு முன் எழுந்து, நீர் இறைத்து, பூச்சி பார்த்து, வாடிய இலையைக் கிள்ளி, சொந்தத் தோட்டம் உடையவன் எவனும் செய்யாத நுணுக்கத்தோடு அவன் வேலை செய்தான். சொந்தம் இல்லாத இடத்தில் சிரத்தை இருக்காது என்று ஆர்தர் யங் சொன்னதற்கு அவனே மறுப்பு. குத்தகைதாரனிடம் யங் காணாத ஒன்று அவனிடம் இருந்தது: இந்த மண் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வாறு தெரிந்த உரிமையாளனிடம் அவனுக்கு அன்பும் இருந்தது.

ஆகவே, என்னுடையதல்ல என்ற ஒரே வாக்கியத்திலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன என்று நினைக்கிறேன். என்னுடையதல்ல, ஆகையால் எப்படிப் போனால் என்ன என்பது ஒரு வழி. இரயில் வண்டியின் இருக்கையைக் கிழிக்கிறவனும், பெரும் ஏரிகளில் கழிவு லாரியைத் திறந்துவிடுகிறவனும் அந்த வழியே போனவர்கள். என்னுடையதல்ல, ஆகையால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் என்பது மற்றது. இந்த இரண்டாவது வழிக்கு நம் வீட்டு அடுக்களையே நமக்குப் பாடசாலையாக இருந்திருக்கிறது. அண்டை வீட்டிலிருந்து குழம்போ பலகாரமோ வந்த பாத்திரத்தை என் தாயார் தன் சொந்தப் பாத்திரங்களைக் காட்டிலும் அழுத்தித் தேய்ப்பார். திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பாத்திரமாக ஒருநாளும் கொடுத்ததில்லை. வீட்டில் பலகாரம் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது, அதுவும் இல்லையென்றால் இரண்டு பூவாவது அதில் இருக்கும். இரவல் பாத்திரத்தை ஏன் இத்தனை மரியாதையோடு நடத்துகிறோம் என்றால், அதற்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது. கொடுத்த கையை நாம் அறிவோம். நிலத்துக்குப் பின்னால் அப்படியொரு முகத்தைக் காண மறந்தவனுக்குத்தான் வாடகை நிலம் வெறும் மண்ணாகிறது.

இப்படி எழுதுவது எளிது. வாடகை மண்ணில் இறங்கினாலே பற்று நீங்கிவிடும் என்று யாரேனும் எண்ணினால், என் அனுபவம் அதற்கு நேர்மாறானது என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில், என் பாத்திக்கும் அடுத்த குடும்பத்தின் பாத்திக்கும் நடுவிலிருந்த வரப்பு அரை அடி நகர்ந்துவிட்டது என்று எழுந்த பேச்சு, இரண்டு வீட்டாரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்கு முற்றிவிட்டது. எங்கள் இருவருக்கும் உரிமையில்லாத நிலத்தில், 11 மாதத்துக்கு மேல் எழுத்திலும் நிலைக்காத அனுபோகத்தில், நாங்களே போட்ட ஒரு வரப்பு எங்களைப் பிரித்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தாம்பரத்துச் சுற்றுவட்டாரத்தை மூழ்கடித்தபோது, நீர் வடிந்த மறுநாள் காலை தோட்டத்துக்கு ஓடிய நான், எட்டுக் குடும்பத்தின் பந்தலும் சரிந்து சேற்றில் கிடக்க, நேரே என் பாத்தியைத்தான் போய்ப் பார்த்தேன். அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. மமகாரத்துக்குப் பட்டா தேவையில்லை, பதிவு தேவையில்லை, ஒரு கூடை எருவும் பத்து நாள் உழைப்பும் இருந்தால் போதும், அது தானே வேலி போட்டுக்கொள்ளும். வாடகை நிலம் நம் பற்றை நீக்குவதில்லை. அந்தப் பற்றைச் சட்டத்தின் போர்வையின்றி நம் கண்முன் நிறுத்திக் காட்டுகிறது. சொந்த நிலத்தில் அதே பேராசை நியாயமான உரிமை என்ற வேஷத்தில் ஒளிந்துகொள்ளும். இங்கே அதற்கு ஒளிய இடமில்லை.

கர்மத்தில் அதிகாரம் உண்டு, பலனில் உரிமை கொண்டாடாதே என்று கீதை உபதேசிப்பதைப் பள்ளிப் பருவம் முதல் கேட்டிருக்கிறோம். தோட்டக்காரனுக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. பலன் கைக்கு வராமல் இருப்பதில்லை. வெண்டை காய்க்கத்தான் செய்கிறது. பறித்து உண்ணத்தான் செய்கிறோம். நீங்க வேண்டியது பலனா, பலன் என் உழைப்பினால் மட்டுமே விளைந்தது என்ற எண்ணமா? எங்கள் தோட்டத்தில் விளைந்த ஒரு புடலங்காயின் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்த்தால், விதை அடுத்த தெருவினர் தந்தது. எரு மாடம்பாக்கத்து மாடு ஒன்றினுடையது. மகரந்தம் சுமந்தது எங்கிருந்தோ வந்த வண்டு. நீர் நிலத்தடியில் யார் யாருடைய மனைகளையோ கடந்து வந்தது. என் பங்கு, வாளி தூக்கியது. இதை உணர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பாத்தியின் விளைச்சலையும் ஒரே பாயில் கொட்டி எட்டுக் கூறாகப் போடும் வழக்கம் எங்களிடம் தானாக வந்தது. நகர்ந்த வரப்பைப் பிறகு யாரும் அளக்கவில்லை.

இனி அந்தப் பெரியவரிடம் திரும்ப வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு நான் அன்று உற்சாகமாக, எல்லாமே இரவல்தானே ஐயா, இந்தச் சரீரமே வாடகை வீடுதானே என்று பதில் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்க முப்பது வருஷம் இந்த ஏரிப் பாசனத்துல வாரத்துக்குப் பயிர் வச்சோம் சார். ஒரு நாளு வந்து கல்லு நட்டுட்டாங்க. அப்ப இது எல்லாம் இரவல்னு யாரும் எங்களாண்ட சொல்லல" என்றார். மனைப்பிரிவுக் கல் நட்ட நாளோடு அவருடைய உழவு முடிந்தது. கலப்பை பிடித்தவர் காவல்காரரானார். என் தத்துவம் அந்த நிமிஷத்தில் வாயடைத்து நின்றது.

அவர் சொன்னதை அந்த ஒருவருடைய துயரமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்தச் செங்கற்பட்டுச் சீமையின் சரித்திரமே அதில் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்ற பொறியாளரின் பொறுப்பில் செங்கற்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களில் எடுக்கப்பட்ட கணக்குகளைப் பார்த்தால், களத்தில் குவிந்த நெல் ஒருவன் வீட்டுக்குப் போகுமுன், கோயிலுக்கும், ஏரி மராமத்துக்கும், கணக்கருக்கும், தச்சருக்கும், கொல்லருக்கும், வண்ணாருக்கும், காவலுக்கும் என்று மேரையாகவும் சுதந்திரமாகவும் பல கை பங்கு அதிலிருந்து பிரிந்ததைக் காணலாம். விளைச்சலுக்குப் பல உரிமையாளர்கள் உண்டு என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் அதே மண்ணில், சேற்றில் இறங்கிப் பயிரை விளைவித்த பண்ணையாளுக்கு ஓர் அடி நிலமும் உரிமையாக இருந்ததில்லை. பரம்பரை நில உரிமையைக் குறித்த காணியாட்சி என்ற சொல் அவனை வெளியே நிறுத்திவிட்டே பொருள் கொண்டது. 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர், இந்தப் பண்ணையாட்களின் நிலைமையை விவரித்து எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892-இல் சென்னை அரசாங்கம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்தாண்டுக்கு விற்கலாகாது, பிறகும் அந்த மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அந்தப் பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது என்பது இன்றும் ஆறாத புண். இங்கிலாந்திலும் கதை வேறன்று. கிராமத்துப் பொது நிலங்களைச் செல்வர்கள் வேலியிட்டுக்கொண்ட பிறகுதான், நிலமிழந்த கூலியாளுக்குக் காய்கறி பயிரிட ஒரு துண்டு விட வேண்டும் என்று 1845-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது; தோட்டத் துண்டுகளை வழங்குவது உள்ளாட்சி மன்றங்களின் கடமை என்று 1908-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. வாடகைத் தோட்டத் துண்டு என்ற ஏற்பாடே, பறித்ததில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுத்த கடன் தீர்ப்பாகப் பிறந்ததுதான்.

ஆதலால், நிலம் எவருக்கும் சொந்தமல்ல என்ற வேதாந்தத்தை யாரிடம் சொல்வது என்பது, அதைச் சொல்வதைக் காட்டிலும் முக்கியமானது. நிலமில்லாதவனிடம் போய்ச் சொன்னால் அது உபதேசமாகாது. அபகரித்தவனுக்குத் துணை போவதாகும். பட்டா உள்ளவனிடம், பத்து மனை வைத்திருப்பவனிடம், ஏரிப் புறம்போக்கில் வேலி நகர்த்துகிறவனிடம், எல்லோருக்கும் முன்பாக என்னிடமே அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பசித்தவனுக்கு உபவாசத்தின் மகிமையைப் போதிக்கலாகாது. உண்டவன் தனக்கு விதித்துக்கொள்வதே உபவாசம். பெரியவரிடம் அன்று நான் சொன்ன வார்த்தைகளுக்காகப் பின்னொரு நாள் வருத்தம் தெரிவித்தேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், என் அவரைக்கொடியில் அசுவினி ஏறியிருப்பதைக் காட்டி, வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அது முதல் அவர் எங்கள் ஒன்பதாவது குடும்பமானார்; ஆடிப் பட்டத்துக்கு எதை விதைப்பது, தைப் பட்டத்துக்கு எதை வைப்பது என்பதெல்லாம் அவர் வாக்கின்படியே நடந்தன.

சிங்கப்பூரில் தேசியப் பூங்கா வாரியம் பூங்காக்களில் இப்படிப்பட்ட தோட்டத் துண்டுகளைக் குடிமக்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறது. இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமுமான ஒரு பாத்தி, ஆண்டுக்கு 57 வெள்ளி, மூன்றாண்டுக் காலம், அதன்பின் வேறொருவர் முறை. அங்கே பெரும்பாலோர் வசிக்கும் அடுக்குமாடி வீடுகளே 99 ஆண்டுக் குத்தகையில் உள்ளவை. வீடும் இரவல், தோட்டமும் இரவல் என்று காலக்கெடு எழுத்தில் தெரிந்துவிட்ட அந்த ஊரில், யாரும் அதனால் பாத்தியைப் பாழ்போட்டுவிடுவதில்லை. கறிவேப்பிலையும் வெண்டையும் அங்கும் தளிர்க்கத்தான் செய்கின்றன. நம் தாம்பரத்திலேயும், 1937-இல் கிறித்துவக் கல்லூரி சேலையூர்க் காட்டோரத்துக்குக் குடிபெயர்ந்து வந்த காலத்தில், வேதியியல் ஆசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய மனைவி ஆலிஸும் கல்லூரி நிலத்தில் மரக்கன்றுகள் நட்டு வளர்த்தார்கள். கடல் கடந்து வந்தவர்கள் இரவல் மண்ணில் வைத்த அந்த மரங்களின் காற்றை, அவர்கள் பெயர் அறியாத நாமெல்லாம் இன்றும் சுவாசிக்கிறோம். தனக்கு நிழல் தராது என்று தெரிந்தே மரம் வைக்கிறவன், காலத்தைத் தன் ஆயுளோடு முடிந்துவிடுவதாக எண்ணாதவன்; ஆத்திகம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த எளிய பொருள் அதுதான்.

நான்கு முறை புதுப்பித்த ஒப்பந்தம் ஐந்தாம் முறை புதுப்பிக்கப்படவில்லை. சொந்தக்காரர் ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார். அந்த மனையில் வீடு கட்டிக் குடியேறப் போகிறார். கடிதம் வந்த மாலை தோட்டத்தில் கூடினோம். பந்தல் கம்புகளை யார் எடுத்துக்கொள்வது, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்பதெல்லாம் விரைவில் முடிவாயிற்று. பிறகு எங்களில் ஒருவர், இந்த மேல்மண் நாம் உண்டாக்கியது, கட்டடக்காரர்கள் கையில் இது அஸ்திவாரத்துக்கடியில் போய்விடும், சாக்கில் கட்டிக்கொண்டு போகலாம் என்றார். நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் வந்தபோது இங்கே இருந்தது செங்கல் உடைசல். இப்போது கரியதாக, ஈரமாக, புழு நெளியக் கிடப்பது எங்கள் ஐந்தாண்டு உழைப்பு. வெகுநேரம் வாதித்தோம். இருட்டுகிற வேளையில், சருகு கொடுத்த மரங்களையும், எருக் கொடுத்த மாடுகளையும், மண்ணைத் தின்று மண்ணாக்கிய புழுக்களையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, அந்த மண்ணில் எங்களுடையது என்று பிரித்தெடுக்கக்கூடிய பங்கு எது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. மண் இங்கேயே இருக்கட்டும் என்று தீர்மானித்து, அஸ்திவாரம் தோண்டுமுன் மேல்மண்ணை வழித்துக் கொல்லைப்பக்கம் குவித்துக்கொண்டால் உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு ஆகும் என்று சொந்தக்காரருக்குத் தெரிவித்தோம். அவரும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

மறுநாள் காலை மண் அள்ளும் இயந்திரம் வருவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், சாவியை ஒப்படைப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்து வருவோம் என்று போனேன். செடிகளெல்லாம் பிடுங்கப்பட்டு, வரப்புகள் கலைந்து, எட்டுப் பாத்தியும் ஒரே நிலமாகக் கிடந்தது. எது என் பாத்தி என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. உள்ளே பெரியவர், காவல் உடுப்பின் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, பூவாளியால் அந்த வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு மூலை விடாமல், நாற்றுக்கு ஊற்றுவதுபோல் மெல்ல, நிதானமாக ஊற்றினார். நாளைக்குக் காலையில் தோண்டப்போகிறார்களே ஐயா, இப்போது எதற்கு என்று கேட்டேன். ஏறத்தாழ நான்காண்டுக்கு முன் அவர் என்னைக் கேட்ட அதே கேள்வியைத்தான் நான் அவரிடம் கேட்கிறேன் என்பது, கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெரியவர் நிமிரவில்லை. "காஞ்ச மண்ணாவா சார் திருப்பிக் குடுக்கறது?" என்றார்.